பினாங்குக் கரையில் சீப்பு ஜெல்லியைக் கண்டால் பதிவுசெய்யும் முறை

பத்து பெரிங்கியிலோ தெலுக் பஹாங்கிலோ தூண்டில் போடுபவர்களும், மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் நீரில் நிறமற்ற, வழுவழுப்பான உயிரினம் ஒன்றைக் கண்டால், அதை ஜெல்லி மீன் என்று முடிவுகட்டாமல் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். அது ஜெல்லி மீனைப் போலத் தோன்றினாலும் வேறு வகையைச் சேர்ந்த சீப்பு ஜெல்லியாக இருக்கலாம். வெப்பக் கடல்களுக்கே உரிய சீப்பு ஜெல்லிகளும் உண்டு என்பதால், காண்பதையெல்லாம் அந்நிய இனம் என்று அறிவித்துவிடக் கூடாது. இனத்தைத் தீர்மானிப்பது ஆய்வாளரின் வேலை; அதற்கு உதவும் பதிவைத் தருவதே நம் வேலை.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பதைக் கருங்கடல் காட்டுகிறது. அமெரிக்கக் கண்டங்களின் அட்லாண்டிக் கரைக்குரிய நெமியோப்சிஸ் லெய்டியை என்னும் சீப்பு ஜெல்லி, கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க அடித்தொட்டிகளில் ஏற்றிச் செல்லும் நீரில் கலந்து, 1980களின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும், அக்குஞ்சுகளுக்கு உணவாகும் மிதவை உயிரிகளையும் ஒருசேரத் தின்று அது 1989இல் பெருவெள்ளமாகப் பெருகியபோது, மிகை மீன்பிடிப்பால் ஏற்கனவே நலிந்திருந்த நெத்திலித் தொழில் சரிந்தது. 1997இல் பெரோயே என்ற மற்றொரு சீப்பு ஜெல்லி வந்து அதைத் தின்னத் தொடங்கிய பிறகே கருங்கடல் ஓரளவு மீண்டது. ஆனால் 1999இல் நெமியோப்சிஸ் காஸ்பியன் கடலிலும் காணப்பட்டது. ஓர் உயிரியிலேயே ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருந்து, அது தன் முட்டைகளைத் தானே கருவுறச் செய்துகொள்வதால், புதிய கடலில் ஒன்று பிழைத்தாலே போதும். எனவே பல நாட்டுக் கப்பல்கள் வரும் பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு எதிரே வாழும் நமக்கு முதல் பதிவு மிக முக்கியம்.

கையால் தொட வேண்டாம். சீப்பு ஜெல்லி கொட்டாது. ஆனால் கடுமையாகக் கொட்டும் பெட்டி ஜெல்லி மீன்கள் பினாங்குக் கடலில் இருக்கின்றன. வலையிலும் அள்ள வேண்டாம், உடல் கிழிந்துவிடும். நீண்ட பிடியுள்ள ஒளிபுகும் பாத்திரத்தால் கடல்நீரோடு சேர்த்து முகந்து, பின்னால் கறுப்புத் துணியை வைத்துப் பக்கவாட்டில் விளக்கடித்துப் பாருங்கள். ஜெல்லி மீன் தன் குடையைச் சுருக்கி விரித்து நீந்தும். சீப்பு ஜெல்லியின் உடலிலோ எட்டு வரிசைகளில் நுண்ணிழைத் தகடுகள் துடிக்கும். அவற்றில் ஒளி சிதறி வானவில் நிறங்கள் ஓடுவது தெரியும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை வாய்ப்பக்கத்தில் தொங்கும் இரண்டு பெரிய மடல்கள். நெமியோப்சிஸில் அவை வாய்க்கு எதிர்முனையிலுள்ள சமநிலை உறுப்பின் அருகிலிருந்தே தொடங்கும்; அதனோடு எளிதில் குழம்பக்கூடிய போலினாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லியில் உடலின் நடுப்பகுதியிலிருந்து தொடங்கும். ஆகவே மடல் தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும்படி பல கோணங்களில் படமெடுத்து, ஒரு படத்திலாவது அளவுகோலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம், ஏற்றவற்றம், எண்ணிக்கை ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள்.

மாதிரியைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் திரவத்தில் போடாதீர்கள். இவ்வகை மடல் ஜெல்லிகள் அதில் பெரும்பாலும் சிதைந்துபோகும். தெலுக் பஹாங்கை அடுத்த முக்கா ஹெட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே படங்களை அனுப்பி, மாதிரி தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் முகந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்; அந்த நீரை வேறு கரையிலோ ஆற்றிலோ ஊற்றக் கூடாது.