பரோக் கச்சேரிக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி

முதல் தப்பு டிக்கெட் புக் பண்ணும்போதே நடந்துடுது. ஆர்கெஸ்ட்ரான்னாலே எண்பது பேர் உக்காந்து கூரை அதிர வாசிப்பாங்கன்னு நமக்கு ஒரு நெனப்பு இருக்கு, அது பீத்தோவனுக்கு அப்புறம் வந்த பெரிய சிம்ஃபனிகளால வந்த நெனப்பு. பாக், விவால்டி, ஹேண்டல்னு ஐரோப்பிய சங்கீதம் எழுதினவங்க இருந்த பரோக் காலத்துக்கு (சுமாரா 1600லேர்ந்து 1750 வரை) அது ஒட்டாது. பாக்கோட மூணாவது பிராண்டன்பர்க் கான்செர்டோல (வாத்தியக் குழுவுக்கு எழுதின ஒரு படைப்பு) மூணு வயலின், அதை விடக் கொஞ்சம் பெரிய வயோலா மூணு, உக்காந்து வாசிக்கிற செல்லோ மூணு, கூட அடித்தளத்துக்கு இன்னும் கனமான சத்தம் வர்ற ஒரு பேஸும், பியானோ மாதிரி கட்டை வெச்ச ஹார்ப்சிகார்டும், அவ்ளோதான். இதைக் கேக்க லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மாதிரி 5000 பேருக்கு மேல உக்கார்ற எடத்துல மேல் பால்கனில சீப்பா சீட்டு போட்டா, காசு மிச்சம், காதுக்கு ஒண்ணும் கெடைக்காது. அதே ஊர்ல விக்மோர் ஹால் இருக்கு, 550 சீட்டுதான், அங்க கடைசி வரிசைல இருந்தாலும் வில் நரம்புல உரசுற சத்தம் வரைக்கும் கேக்கும். என்னைக் கேட்டா சின்ன ஹால்ல சுமாரான குழு, பெரிய ஹால்ல பிரமாதமான குழுவை விட எவ்ளவோ மேல்.

இன்னொண்ணு, யார் வாசிக்கிறாங்க, எத்தனை பேர்னு பாக்காம போஸ்டரைப் பாத்து மயங்குறது. மெழுகுவத்தி வெளிச்சத்துல விவால்டியோட ஃபோர் சீசன்ஸ்னு போட்டிருப்பாங்க, போய்ப் பாத்தா நாலே பேர் உக்காந்து சுருக்கி வாசிச்சுட்டுப் போவாங்க. அதுவும் கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க ஆர்கெஸ்ட்ரான்னு நெனச்சு காசு குடுத்திருந்தா வயிறு எரியும். பரோக் ஹிட்ஸ்னு லிஸ்ட் போட்டா அதுல ஆல்பினோனிங்கற பரோக் காலத்துக்காரரோட அடாஜியோன்னு ஒரு பீஸ் கண்டிப்பா இருக்கும், அதை எழுதினதே ஆல்பினோனி இல்ல, ரெமோ ஜியாசொட்டோன்னு ஒரு இத்தாலிக்காரர், வெளியானது 1958ல!

சரி, உள்ள போயாச்சு. சுருதி சேக்குறதைப் பாத்து சலிச்சுக்காதீங்க. பழைய முறைல வாசிக்கிற குழுக்கள் ஆட்டுக்குடல் நரம்பு போடுவாங்க, ஹால்ல சூடும் ஈரப்பதமும் கொஞ்சம் மாறினாலே அது எறங்கிடும், அதனால ஒவ்வொரு பீஸுக்கும் நடுவுல திரும்பச் சேக்கத்தான் வேணும். அவங்க சுருதியே வேற. இப்போ பொதுவா சுருதி சேக்குற A ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் வைக்கிற எடத்துல இவங்க 415 வைப்பாங்க, கிட்டத்தட்ட அரை ஸ்வரம் கம்மி, யூடியூப்ல மாடர்ன் ஆர்கெஸ்ட்ரா வாசிச்சதைக் கேட்டுப் பழகின காதுக்கு முதல்ல என்னமோ தப்பா வாசிக்கிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல செட் ஆயிடும்.

ஹார்ப்சிகார்ட் கேக்கலன்னு கம்ப்ளெயின்ட் பண்றவங்க நெறய. பியானோ மாதிரி அது நரம்பைச் சுத்தியலால அடிக்காது, சின்ன இறகுக் குச்சி நரம்பைச் சுண்டும். விரலை எவ்ளோ அழுத்தினாலும் சத்தம் பெருசா கூடாது. பாதி நேரம் அது தனியா கேக்கணும்னு இல்ல, செல்லோவோட சேந்து கீழேர்ந்து தாங்கி நிக்கும். எழுதின நோட்ஸ்ல கீழ் ஸ்வரங்களோட பேஸ் வரியும் அதுக்கு எண்களும் மட்டும்தான் இருக்கும், மீதியை வாசிக்கிறவரே அந்த எடத்துலயே போட்டு நிரப்புவார். ஆனா அஞ்சாவது பிராண்டன்பர்க் வந்தா கவனமா இருங்க, முதல் மூவ்மென்ட் (படைப்போட ஒரு பகுதி) கடைசில எல்லாரும் நிறுத்திடுவாங்க, ஹார்ப்சிகார்ட் மட்டும் தனியா மூணு நிமிஷம் கிட்ட பொளந்து கட்டும். எதோ கோளாறுன்னு நெனச்சு அப்பதான் பக்கத்துல ஆளுங்க குசுகுசுன்னு பேச ஆரம்பிப்பாங்க, அதைத்தான் தாங்க முடியல.

முன்னாடி நின்னு கையசைச்சு குழுவை நடத்துற கண்டக்டர் எங்கன்னு தேடாதீங்க. பெரும்பாலும் முதல் வயலினோ ஹார்ப்சிகார்டோ தலையசைச்சு நடத்தும், செல்லோவைத் தவிர மத்தவங்க நின்னுக்கிட்டே வாசிக்கிற குழுக்களும் உண்டு. கைதட்டுறதுக்கும் அவங்களையே பாத்துக்கோங்க, வில் இன்னும் மேலயே நின்னா பீஸ் முடியல. ஃபோர் சீசன்ஸ்ல மட்டும் நாலு கான்செர்டோ, மொத்தம் 12 மூவ்மென்ட், ஒவ்வொண்ணுக்கும் தட்டினா கை வலிக்கும். மூணாவது பிராண்டன்பர்க்ல நடு மூவ்மென்ட்டுக்கு பாக் ரெண்டே ரெண்டு கார்ட்ஸ்தான் (பல ஸ்வரம் ஒண்ணா ஒலிக்கிறது) எழுதி வெச்சிருக்கார், அதைக் கேட்டு எதையோ விட்டுட்டாங்கன்னு முழிக்க வேண்டாம்.

ட்ரம்பெட் எங்கயாவது பிசிறினா சிரிக்காதீங்க. அந்தக் கால ட்ரம்பெட்ல வால்வே கெடையாது, அத்தனை ஸ்வரத்தையும் உதட்டாலதான் புடிக்கணும். பாட்டு இருந்தா, பல பாட்டுல முதல் பாகம் கடைசில திரும்ப வரும், அப்போ அதான் கேட்டாச்சேன்னு ஃபோனை எடுத்துடுறாங்க, அங்கதான் பாடுறவங்க நம்ம ஊர் சங்கதி மாதிரி புதுசு புதுசா சேத்துப் பாடுவாங்க.

இன்டர்வெல்ல எல்லாரும் காபிக்கு ஓடுவாங்க, ஒருத்தர் மேடைல வந்து ஹார்ப்சிகார்டுக்கு ஒவ்வொரு நரம்பா சுருதி சேப்பார். மேடை கிட்ட போய் ரெண்டு நிமிஷம் பாருங்க, ஆனா அவர்கிட்ட பேச்சு குடுக்காதீங்க, பாவம்.

ஹேண்டலோட மெசையாவுக்கு (ஏசுவைப் பத்தி மூணு பாகமா பாடுற பெரிய படைப்பு) போறவங்களுக்குத் தனியா ஒண்ணு. 1742 ஏப்ரல் 13 டப்ளின்ல முதல் தடவை நடந்தப்பவே கூட்டம் தாங்காதுன்னு ஆம்பளைங்க கத்தி இல்லாம, பொம்பளைங்க வளையம் வெச்ச பாவாடை இல்லாம வாங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. அதுல வர்ற ஹாலேலூயா கோரஸுக்கு (பாடகர் குழு சேந்து பாடுறது) எழுந்து நிக்கிற வழக்கம் இன்னும் இருக்கு, இங்கிலாந்து மன்னர் ஜார்ஜ் எழுந்தார், அதனாலதான்னு சொல்லுவாங்க, அதுக்கு அந்தக் கால ஆதாரம் எதுவும் இல்ல. நின்னாலும் சரி, உக்காந்தாலும் சரி, ஆனா அது முடிஞ்சதும் கோட்டை மாட்டிக்கிட்டு கெளம்பாதீங்க, அது ரெண்டாவது பாகத்தோட முடிவுதான். மூணாவது பாகத்துலதான் ட்ரம்பெட்டோட சேந்து பேஸ் (கனமான ஆண் குரல்) பாடுற பாட்டு இருக்கு, கடைசி ஆமென் கோரஸும் இருக்கு. மொத்தம் ரெண்டரை மணி நேரம் கிட்ட ஆகும், கடைசி ட்ரெயின் எத்தனை மணிக்குன்னு பாத்துட்டுப் போங்க.