தூரிகையால் தீ மூட்டுவது எப்படி

படத்தொகுப்பு மென்பொருளில் தீயை உருவாக்க முனைவோர் பெரும்பாலும் நல்ல தீத் தூரிகைத் தொகுப்பு ஒன்றைத் தேடுவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். தொகுப்பு கிடைத்ததும் ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்து நான்கைந்து இடங்களில் அழுத்துகிறார்கள். திரையில் தெரிவதோ சுடர் வடிவில் கத்தரித்து ஒட்டிய வண்ணக் காகிதம். தூரிகை சுடரின் உருவத்தை மட்டுமே தரும். அது எரிகிறது என்று கண்ணை நம்பவைப்பது ஒளி. ஆகவே தூரிகையைக் கையாளும் முறையோடு, தீயின் ஒளியைப் படத்திற்குள் கொண்டுவரும் முறையையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன். கருவிகளுக்குப் போட்டோஷாப்பில் உள்ள பெயர்களையே பயன்படுத்துகிறேன். கிம்ப், கிரிட்டா ஆகிய இலவச மென்பொருள்களிலும் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இணையான வசதிகள் உண்டு.

விறகோ மெழுகோ எரியும்போது நாம் காணும் மஞ்சள் ஒளி, சுடருக்குள் உண்டாகும் நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. சுடரின் அடியில் மெல்லியதாகத் தெரியும் நீலம் வேறு வகையைச் சேர்ந்தது; அங்கே கரித்துகள்கள் இன்னும் உருவாகியிருப்பதில்லை, எரிதல் வினையில் தோன்றும் மூலக்கூறுத் துணுக்குகளே அந்த நீலத்தை வெளியிடுகின்றன. இதிலிருந்து படம் வரைபவர் அறிய வேண்டியவை இரண்டு. சுடர் தனக்குப் பின்னால் இருப்பதைச் சுவர் மறைப்பதுபோல் மறைப்பதில்லை, அதன்மேல் தன் ஒளியைக் கூட்டுகிறது என்பது ஒன்று. ஒளி அடர்ந்த நடுப்பகுதி படத்தில் வெளிறிய மஞ்சளாகவும், மெலிந்த ஓரங்கள் ஆரஞ்சாகவும் கருஞ்சிவப்பாகவும் பதிவாகின்றன, அதாவது நிறம் வெளிச்சத்தின் அளவைப் பின்பற்றியே மாறுகிறது என்பது மற்றொன்று. ஆகவே முதலில் வெளிச்சத்தைத் தீட்டிவிட்டு, நிறத்தை அதிலிருந்து பெறுவதே சரியான வரிசை.

அதற்கான ஏற்பாடு எளியது. கோப்பை ஒரு வண்ணத்துக்கு 16 பிட் என்ற நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகளே இருப்பதால், சுடரைச் சுற்றிப் பரவும் மெல்லிய ஒளிவட்டம் பட்டை பட்டையாக உடைந்து தெரியும். புதிய லேயர் (படத்தின்மேல் வைக்கும் தனி அடுக்கு) ஒன்றை முழுக் கறுப்பால் நிரப்பி, அதன் பிளெண்ட் மோடை, அதாவது கீழுள்ள படத்தோடு அது கலக்கும் முறையை, ஸ்கிரீன் என்று வையுங்கள். ஸ்கிரீன் முறையில் கறுப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் கீழே உள்ள படம் அப்படியே தெரியும். அந்த லேயருக்கு மட்டும் பொருந்துமாறு, கிளிப்பிங் மாஸ்க் முறையில், வெளிச்சத்தின் அளவுக்கேற்ப நிறம் தரும் கிரேடியன்ட் மேப் ஒன்றை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் நிறங்களுக்கு நான் வழக்கமாக வைக்கும் அளவுகள் இவை (அடைப்புக்குறிக்குள் இருப்பவை முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் எண்கள்): தொடக்கத்தில் கறுப்பு, 25 சதவீதத்தில் கருஞ்சிவப்பு (90, 10, 0), 50 சதவீதத்தில் ஆரஞ்சு (225, 85, 10), 75 சதவீதத்தில் மஞ்சள் (255, 190, 60), முடிவில் வெண்மஞ்சள் (255, 245, 215). முடிவில் தூய வெள்ளையை வைத்தால் தீயின் நடுப்பகுதி குழல்விளக்கைப்போலக் குளிர்ந்து தோன்றும்.

இனி அந்தக் கறுப்பு லேயரில் சாம்பல் நிறத்தால் மட்டுமே தீட்ட வேண்டும். இங்கேதான் தூரிகையின் பிளெண்ட் மோடும் முக்கியமாகிறது. அதை, புதிய வெளிச்சத்தைப் பழையதோடு கூட்டும் லீனியர் டாட்ஜ் என்று மாற்றி, நிறத்தை (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில்) 60 என்ற அளவுள்ள அடர்ந்த சாம்பலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தீட்டிய இடத்தின் அளவு 60. அது கருஞ்சிவப்பாகத் தெரியும். பேனாவை எடுத்து அதே இடத்தில் மறுபடி தீட்டினால் 120, ஏறத்தாழ ஆரஞ்சு. மூன்றாம் முறை 180, மஞ்சளை நெருங்கும். நான்காம் முறை 240, கண் கூசும் வெண்மஞ்சள். சுடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள் தாமாகவே வெப்பம் மிகுந்தவையாகவும், தனித்து நிற்கும் நுனிகள் சிவந்தவையாகவும் மாறிவிடுவதால், நிறத்தட்டின் பக்கம் கை போக வேண்டிய தேவையே எழாது. சாதாரண முறையில் ஆரஞ்சைப் பத்து முறை தீட்டினாலும் அது அதே ஆரஞ்சாகவே நிற்கும். வண்ணக் காகிதம்போல் தெரிவதற்குக் காரணமும் அதுவே.

தூரிகைகளைப் பொறுத்தவரை நான்கு போதும்: சுடர்த்திரளைப் பதிக்க ஒரு முத்திரைத் தூரிகை, தீநாக்குகளை இழுக்க நுனி மெலிந்த ஒன்று, ஒளிவட்டத்துக்கு ஓரம் கரைந்த வட்டத் தூரிகை, பொறிகளுக்குச் சிதறல் தூரிகை. இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளைப் பயன்படுத்தலாம். பயன்பாட்டு உரிமத்தை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப் தூரிகைகளைக் கொண்ட ஏபிஆர் கோப்புகளைக் கிம்ப்பும் கிரிட்டாவும் திறக்கும் என்றாலும், தூரிகையின் வடிவத்தைத்தான் அவற்றில் எதிர்பார்க்க முடியும். அழுத்தம், சிதறல் முதலிய அமைப்புகளை மீண்டும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முத்திரைத் தூரிகையை நீங்களே செய்துகொள்வது இன்னும் நல்லது. இருட்டில் எடுத்த தீயின் ஒளிப்படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, இன்வெர்ட் கட்டளையால் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றுங்கள். மென்பொருள் கறுப்பைத் தீட்டும் பகுதியாகவும் வெள்ளையை வெற்றிடமாகவும் எடுத்துக்கொள்வதால் இது தேவைப்படுகிறது. பிறகு வெளிச்ச அளவுகளை மாற்றும் லெவல்ஸ் கொண்டு பின்புலத்தை 255 என்ற முழு வெள்ளைக்குத் தள்ளுங்கள். திரையில் வெள்ளையாகத் தெரிந்தாலும் அது 250 அளவில் நின்றுவிட்டால், முத்திரை பதிக்கும் ஒவ்வொரு இடத்திலும் மங்கலான செவ்வக விளிம்பு ஒன்று சேர்ந்து விழும். ஒன்றிரண்டு பதிவுகளில் கண்ணுக்குப் புலப்படாத அந்த விளிம்பு, கூட்டல் முறையில் பத்துப் பதிவுகள் சேர்ந்ததும் கட்டம் கட்டமாக மேலெழுந்துவிடும். ஆகவே படத்தின் நான்கு ஓரங்களிலும் ஐ டிராப்பரை வைத்து எண்ணைப் பார்த்த பிறகே படத்தைத் தூரிகையாகச் சேமிக்கும் டிஃபைன் பிரஷ் பிரீசெட் கட்டளையைத் தாருங்கள்.

ஒரே சுருள் ஒரே அளவில் இரண்டு இடங்களில் தெரிந்தால் பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார். பதிவுதோறும் அளவைத் தற்செயலாக மாற்றும் சைஸ் ஜிட்டரைத் தாராளமாகவும், இடவலமாகத் திருப்பும் ஃபிளிப் எக்ஸ் ஜிட்டரை இயக்கியும் வையுங்கள். சாய்வை மாற்றும் ஆங்கிள் ஜிட்டரை மட்டும் 3 முதல் 5 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். சூடான வாயு அடர்த்தி குறைந்து மேலெழுவதாலேயே சுடர் மேல்நோக்கி நீள்கிறது. தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பிய சுடர்கள் அந்த இயல்பைக் குலைத்துவிடும். ஒப்பாசிட்டி (ஒளிபுகாத் தன்மை), ஃப்ளோ (வண்ணம் வெளிவரும் அளவு) இரண்டையும் பேனாவின் அழுத்தத்தோடு இணைத்துவிட்டால் நுனிகள் இயல்பாகவே மெலியும்.

தீட்டும்போது அடியிலிருந்து தொடங்குங்கள். எரிபொருளின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் முடிவுசெய்து, சுடர்கள் அதன் வடிவைத் தழுவி எழுமாறு முத்திரைகளைப் பதியுங்கள்; கட்டையின் நடுவே ஒட்டவைத்ததுபோல் நிற்கும் சுடர் எந்தத் தூரிகையாலும் உயிர்பெறாது. அதன்மேல் மெலிந்த தூரிகையால் தீநாக்குகளை எஸ் வளைவாக இழுங்கள். அவை அடியில் ஒன்றுசேர்ந்தும் மேலே பிரிந்தும் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு நுனிகள் உடலிலிருந்து அறுபட்டுத் தனித்து மிதக்கலாம். திரளின் உள்ளே கருமை தெரியும் இடைவெளிகள் கட்டாயம் வேண்டும், ஏனெனில் ஒளியின் கூர்மையை எடுத்துக்காட்டுபவை அந்த இருண்ட பொந்துகளே. தேவையான இடங்களில் கறுப்பை எடுத்து, தூரிகையைச் சாதாரண முறைக்கு மாற்றி, அவற்றைக் குடைந்துகொள்ளுங்கள். ஸ்மட்ஜ் கருவியை மிதமான வலிமையில் வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்தால் முத்திரைகளின் இணைப்புகள் கரையும். லிக்விஃபை கொண்டு முழுத் திரளையும் காற்றின் திசைக்குச் சற்றுச் சாய்க்கலாம். இரண்டையும் அளவோடு செய்யுங்கள், மிகுந்தால் தீ பட்டுத்துணியாகிவிடும்.

எந்த அளவு கூர்மை வேண்டும் என்பதை அடிப்படைப் படமே சொல்லும். நொடியில் 1000-இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்த கேமரா, கிழிந்த இழைகளாகத் தீயைப் பிடிக்கும்; 30-இல் ஒரு பங்கு நேரம் திறந்தது, வழுவழுப்பான பாய்ச்சலாகக் காட்டும். படத்தில் ஓடுபவரின் கால்கள் கலங்கித் தெரியும்போது தீநாக்குகள் மட்டும் ஊசிமுனையாக நிற்பது பொருந்தாது.

நண்பகல் வானத்தின் முன் தீட்டிய சுடர் ஸ்கிரீன் முறையில் ஏறத்தாழ மறைந்துபோகும். ஏற்கெனவே வெளிச்சமான இடத்தில் கூட்டுவதற்கு இடமில்லை. மெய்யான தீயும் வெயிலில் அப்படித்தான் வெளிறித் தெரிகிறது. சுடரை மேலும் அழுத்தித் தீட்டுவதைவிட, கர்வ்ஸ் கொண்டு பின்புலத்தை இருட்டாக்கி, சிறிது நீலச் சாயலைச் சேர்ப்பதே தீர்வு.

இனி வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் நம்பகத்தன்மையின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. தீ எரிந்தால் சுற்றியுள்ளவை அனைத்தும் அதன் ஒளியைப் பெறும். சுடர் தன் ஒளியைக் காட்சியோடு கூட்டுகிறது என்றால், ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியோ அந்தப் பரப்பின் நிறத்தோடு பெருக்கப்படுகிறது: வெளிர்ந்த பொருள் மிகுதியாகத் திருப்பி அனுப்பும், கறுத்த பொருள் விழுங்கிவிடும். ஆகையால் பரப்பின்மேல் விழும் ஒளியை ஸ்கிரீன் முறையில் தீட்டினால் ஆரஞ்சு மூடுபனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். அதற்கெனத் தனி லேயர் எடுத்து, கலர் டாட்ஜ் முறையில், ஓரம் கரைந்த தூரிகையால் குறைந்த ஃப்ளோவில் அடர்ந்த ஆரஞ்சைத் தீட்டுங்கள். கலர் டாட்ஜில் முழுக் கறுப்பு கறுப்பாகவே நிற்பதால் செங்கல்லின் பிளவுகளும் மரப்பட்டையின் வெடிப்புகளும் இருண்டபடியே இருக்க, அவற்றின் மேடுகள் மட்டும் ஒளி பெறும். தீயை நோக்கிய பக்கங்களை மட்டும் தீட்ட வேண்டும். ஒரு முகம் அருகே இருந்தால் கன்னத்தின் ஒரு பாதி, மூக்கின் ஒரு பக்கம், கண்மணியில் ஒரு சிறு பொட்டு. சிறிய சுடரின் ஒளி, தொலைவு இரு மடங்கானால் கால்பங்காகக் குறையும் என்பதை நினைவில் வைத்து, விலக விலக விரைவாக மங்கவையுங்கள்; எரியும் சுவர்போல் அகன்ற தீயாக இருந்தால் இந்த மங்கல் மெதுவாக நிகழும். பொருள்களின் நிழல்கள் தீக்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும். மூலப்படத்தில் பகலொளியின் நிழல் வேறு திசையில் அழுத்தமாக விழுந்திருந்தால் அதை மட்டுப்படுத்தாமல் மேலே போக வேண்டாம்.

எஞ்சியவை சிறு வேலைகள். தீப்பொறிகளைச் சிதறல் தூரிகையால் பதித்து, பலவற்றைச் சிறு வளைகோடுகளாக நீட்டி, மேலே செல்பவற்றைச் சிவப்புக்கு மங்கவையுங்கள். திடப்பொருள்கள் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில்தான் மங்கிய சிவப்பில் கண்ணுக்குத் தெரியுமாறு ஒளிரத் தொடங்குகின்றன என்பதால், ஆறும் பொறியும் தணலின் ஓரமும் மறைவதற்கு முன் கடைசியாகக் காட்டும் நிறம் சிவப்பே. கரும்புகையைச் சாதாரண முறையில் தனி லேயரில் தீட்ட வேண்டும், ஸ்கிரீனில் அது தெரியாது. சுடரின் நுனியில் குளிர்ந்து ஒளியிழந்த கரித்துகள்களே புகையாவதால், அது சுடருக்கு மேலிருந்து தொடங்கட்டும், அதன் அடிப்பக்கத்தில் சிறிது ஆரஞ்சு படியட்டும். தீக்கு நேர்மேலே உள்ள பின்புலத்தைச் சில பிக்சல்கள் மட்டும் அலையவைத்தால் அனலும் வந்துவிடும்.

இறுதியில் படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். தீட்டிய தீ துடைத்ததுபோல் வழுவழுப்பாகவும், சுற்றியுள்ள ஒளிப்படம் மணற்பொடி தூவியதுபோல் நுண்புள்ளிகளுடனும் இருந்தால், தீ லேயரின்மேல் ஆட் நாய்ஸ் வடிகட்டியை மிகக் குறைந்த அளவில் இட்டு இரண்டும் ஒத்துப்போகும் வரை சரிசெய்யுங்கள். மூலப்படத்தின் வெளிச்சமான பகுதியில் புள்ளிகள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு மேல் தீக்குத் தேவையில்லை.