உங்களுக்கே உடம்புக்கு முடியாதபோது மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒரு தாயிடம், ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்புவது வழக்கம். தானாக எழுந்து உட்கார முடியாத, 25 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் நாமும் சொல்லியிருக்க மாட்டோம். குழந்தைக்காகப் பெங்களூருவின் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குப் போனால் அதன் வலிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நாம், நமக்காக மருத்துவரைப் பார்க்கும்போது ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுகிறோம். அதனால் முதல் வேலை, உங்கள் மருத்துவரிடம் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வதுதான்: குழந்தையின் எடை என்ன, ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறீர்கள், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், கைமாற்ற வேறு ஆள் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தகவல் சிகிச்சையையே மாற்றக்கூடியது. ஆழ்ந்த தூக்கத்தை வரவழைக்கும் மாத்திரையை, இரவில் வலிப்பு வரும் குழந்தையின் அருகில் படுப்பவருக்கு எழுதும் முன் மருத்துவர் ஒருமுறை யோசிப்பார். தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் கொடுக்கப்பட்டால், சில நாட்கள் குழந்தைகளிடமிருந்து விலகியிருக்கச் சொல்வார்கள்; ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, மடியில் வைத்திருக்க வேண்டிய குழந்தை என்றால் அந்த நாட்களுக்கு ஆள் ஏற்பாடு செய்த பிறகே தேதி குறிக்க வேண்டும். காசநோய் என்றால் குழந்தைக்கும் பரிசோதனை தேவை. தடுப்பு மருந்து வேண்டுமா என்றும் கேளுங்கள். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அவசரம்தான். சளி பிடித்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ள தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மென்று விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு இரண்டு இட்லியைச் சாம்பாரில் குழைத்து ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். இன்சுலினைப் போட்டுக்கொண்டு, 'இவனுக்கு ஊட்டிவிட்டுச் சாப்பிடலாம்' என்று உட்கார்ந்தால், கையில் கிண்ணத்தோடு உங்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். உங்கள் தட்டு தயாரான பிறகே ஊசியைப் போடுங்கள். போட்டதும் முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். பிள்ளை பட்டினியாக இருக்கத் தாய் சாப்பிடுவதா என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும். உங்கள் மாத்திரைகளையும் குழந்தையின் வலிப்பு மருந்து நேரத்தோடு சேர்த்துவிட்டால் இரண்டும் தவறாது. டப்பாக்கள் மட்டும் வெவ்வேறு நிறத்தில், அலமாரியில் வெவ்வேறு தட்டில் இருக்க வேண்டும்.

தூக்குவதைப் பொறுத்தவரை, பழகிய முறையே சரியான முறை என்று எண்ணிவிட வேண்டாம். பெங்களூருவில் இந்திராநகரில் உள்ள ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் கர்நாடகா, லிங்கராஜபுரத்தில் உள்ள அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசபிலிட்டி போன்ற அமைப்புகளிலோ, குழந்தையின் பிசியோதெரபிஸ்டிடமோ, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கி, குழந்தையை உடம்போடு ஒட்டி அணைத்து, இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். எடை கூடிய குழந்தையை இரண்டு பேர் சேர்ந்து மாற்றுவதே முறை. உங்களால் நிற்கவே முடியாத நாட்களில் குளியலைக் கைவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பாடம், பயிற்சி எல்லாவற்றையும் ஒத்திப்போடலாம். வலிப்பு மருந்து, தண்ணீர், புரட்டிப் படுக்க வைப்பது ஆகிய மூன்றையும் மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதே கடுமையான வலிப்பைக் கொண்டுவரும்.

உங்கள் இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டுமானால், உங்கள் தலைக்குள் இருப்பது தாளில் இருக்க வேண்டும். பெங்களூருவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. உதவிக்கு வரும் பாட்டி கிருஷ்ணகிரியிலிருந்தோ வேலூரிலிருந்தோ வருவார். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். பக்கத்து வீட்டு அம்மாவும் காவலாளியும் கன்னடம் பேசுவார்கள். ஏஜென்சி அனுப்பும் ஹோம் நர்ஸ் மலையாளியாக இருக்கலாம். ஆகவே விரிவான குறிப்பைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும்.

நோட்டில் மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை எல்லோரும் எழுதுவார்கள். பிள்ளையின் மொழியை எழுதுகிறவர்கள் குறைவு. தலையை இடப்பக்கம் திருப்பினால் போதும் என்று பொருள், கண்ணை மேலே உருட்டினால் கழிப்பறைக்குப் போக வேண்டும், குக்கர் விசில் சத்தம் கேட்டால் அழுவான், நீலத் தம்ளரில் கொடுத்தால்தான் தண்ணீர் குடிப்பான் என்பவையெல்லாம் உங்களுக்குச் சொல்லாமலே தெரிந்தவை. புதிதாக வருகிறவருக்கு இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் ஒரு வேளைச் சாப்பாடு கெட்டுவிடும். எழுதினால் மட்டும் போதாது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரமே அவரை ஊட்ட வைத்து, நீங்கள் அடுத்த அறையில் உட்கார்ந்திருங்கள். குறுக்கே போய்த் திருத்தாமல் இருப்பது கடினம்தான். மூத்த பிள்ளை இருந்தால் மருந்து எடுத்துக் கொடுப்பது போன்ற சிறு உதவி கேட்கலாம். இரவுக் காவலை அந்தப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போவதைக் குழந்தையிடம் மறைக்க வேண்டாம். பேச வராத குழந்தையும், அம்மா திடீரென்று காணாமல் போனதை உணரும். பையில் துணி அடுக்குவதைக் காட்டுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் குரல் கேட்கும்படி செய்யுங்கள். உங்கள் மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இனி காகித வேலை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு; ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய இதைத்தான் நோய் வந்த வருடத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருந்தால், அதே சட்டத்தின்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கச் செய்யலாம். அந்த விண்ணப்பத்தை உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே கொடுத்துவிடுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கையெழுத்துக்கு ஆள் அனுப்புவது பெரும்பாடு.