முதியோர் குடியிருப்பில் சேருமுன் போட வேண்டிய கணக்கு

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலைப் பக்கம் முதியோர் குடியிருப்பு பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஃப்ளாட் விலையைக் கேட்கிறார்கள். அடுத்தது, மாதம் எவ்வளவு ஆகும் என்பது. இரண்டுக்கும் விற்பனை அலுவலகத்தில் உடனே பதில் கிடைத்துவிடும். யாரும் கேட்காமல் விடுவது மூன்றாவது கேள்வியை: இருவரில் ஒருவர் போன பிறகு, மிஞ்சியவர் படுத்த படுக்கையானால், அந்த மாதம் எவ்வளவு ஆகும்? இந்த இடம் நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதை அந்த மாதம்தான் சொல்லும். எனவே கணக்கை அங்கே கொண்டுபோய் முடிக்க வேண்டும். வழியில் வரும் மற்றக் கணக்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிடலாம்.

வாங்குவதா, டெபாசிட்டா, வாடகையா

சொந்தமாக வாங்கினால் கிரயப் பத்திரம் உங்கள் பெயருக்கு வரும். பிரிபடாத பாக நிலமும் சேரும். டெபாசிட் முறையில் ஒரு பெருந்தொகையைக் கட்டிவிட்டு ஆயுள்வரை அல்லது குறிப்பிட்ட காலம்வரை இருக்கலாம். காலி செய்யும்போது ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியை வட்டியில்லாமல் தருவார்கள். மூன்றாவது, வெறும் மாத வாடகை.

மூன்றையும் ஒப்பிட ஒரே வழி, எல்லாவற்றையும் மாத வாடகையாக மாற்றிப் பார்ப்பது. 15 லட்சம் டெபாசிட் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே பணம் 7 சதவீத வைப்புநிதியில் இருந்தால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய் வரும். ஆகவே அந்த டெபாசிட்டின் உண்மை வாடகை மாதம் 8,750 ரூபாய். பிடித்தம் இருந்தால் அது தனி. 50 லட்ச ரூபாய் ஃப்ளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 4.5 லட்சம் கூடும். முடங்கும் பணம் 54.5 லட்சம். அதன் 7 சதவீத வட்டி மாதத்துக்கு ஏறக்குறைய 31,800 ரூபாய். அதே வளாகத்தில் அதே அளவு வீடு 18,000 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தால், பிற்காலத்தில் விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக மாதம் 13,800 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

அந்த நம்பிக்கையை இங்கே குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஃப்ளாட்டுகளில் குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்தான் குடியிருக்கலாம் என்ற விதி பொதுவாக உண்டு. 55 அல்லது 60 என்று இருக்கும். பிள்ளைகளுக்கு வாரிசாக வந்தாலும் அவர்கள் குடியேற முடியாது. வாங்குவோர் கூட்டம் சிறிதாக இருப்பதால் விற்கப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை பூட்டிய வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். விற்கும்போது பெயர் மாற்றக் கட்டணம் என்று நிர்வாகம் ஒரு தொகை கேட்கலாம். வாங்குமுன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உடல்நிலை நன்றாக இருக்கிற, எழுபதைத் தாண்டாத தம்பதிக்கு எங்கள் பரிந்துரை: முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். வாடகைக்கே விடமாட்டோம் என்று சொல்லும் வளாகத்தில் குறைந்தது இரண்டு வாரம் விருந்தினர் அறையில் தங்கி, மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள்.

பழைய வீட்டை விற்று வருகிறவர்கள்

முன்பணம் கட்டுமுன் வரியைப் பாருங்கள். வீடு விற்ற லாபத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியில் விலக்கு உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்பே வாங்கியிருந்தாலும் செல்லும். ஆனால் திரும்பி வரும் டெபாசிட்டைக் கட்டுவது வீடு வாங்கியதாகாது, வாடகைக்கு இருப்பதும் ஆகாது. 60 லட்சம் லாபம் வந்து அதை டெபாசிட்டில் போட்டால், 12.5 சதவீத வரி 7.5 லட்சம், அதன்மேல் செஸ் தனி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய முறையும் இருக்கிறது. இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

கட்டி முடிக்காத திட்டத்தில் வாங்குகிறவர்கள் ரெரா (கட்டட, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம் அனுமதிப்பதில்லை. கட்டுமானத்தில் இருக்கும் ஃப்ளாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விலை 45 லட்சத்துக்குள்ளும் பரப்பு வரம்புக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. எழுபது வயதுக்காரர் மூன்று ஆண்டு கட்டுமானத்துக்குக் காத்திருப்பது வீண் ஆபத்து. கட்டி முடித்து, ஆட்கள் குடியிருக்கும் வளாகத்தையே பாருங்கள்.

மாதச் செலவு: சொல்வதும் ஆவதும்

கீழே வருவது மாதிரிக் கணக்கு. உங்கள் இடத்தில் கொடுத்த தொகைகளை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பதி இருவர். பராமரிப்பும் சேவையும் 10,000 ரூபாய், சாப்பாடு ஆளுக்கு 6,500 வீதம் 13,000. விற்பனையில் சொல்லும் 'மாதம் 23,000' இதுதான். இதன்மேல் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,800, சாப்பாட்டுக்கு 5 சதவீதம் 650, மின்சாரம் 2,500, போன், டிவி, இணையம் 1,200, மருந்தும் பரிசோதனையும் 6,000, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஆண்டுக்கு 72,000, அதாவது மாதம் 6,000, போக்குவரத்து, கோயில், கல்யாணம் காட்சி, பேரப்பிள்ளைகளுக்கு என்று 5,000. மொத்தம் 46,150. சொன்னதைப் போல இரண்டு மடங்கு.

ஜிஎஸ்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. குடியிருப்போர் சங்கமே பராமரிப்பை நடத்தி, மாதம் 7,500 ரூபாய்க்குள் வாங்கினால் வரி இல்லை. அதே வேலையைத் தனியார் நிறுவனம் செய்து பில் போட்டால் இந்த விலக்கு கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி: பில் யார் பெயரில் வருகிறது?

சாப்பாட்டில் மூன்று விஷயம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை உண்டா? ஒரு மாதம் பிள்ளை வீட்டுக்குப் போனால் எத்தனை நாள் முன்பு சொன்னால் கழிப்பார்கள்? அறைக்குக் கொண்டுவந்து கொடுக்கத் தனிக் கட்டணமா? கடைசிக் கேள்வி இன்று அற்பமாகத் தோன்றும். முழங்கால் அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் தினம் மூன்று வேளை என்று பெருக்கிப் பார்த்தால் கனம் தெரியும்.

ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்று கேட்டால் 'நியாயமாகத்தான்' என்பார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளின் கட்டண உயர்வுச் சுற்றறிக்கைகளைக் கேளுங்கள். குடியிருப்பவர்களிடம் அவை இருக்கும். ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் இன்றைய 46,150 பத்து ஆண்டு கழித்து ஏறத்தாழ 90,800 ஆகிறது.

இங்கேதான் ஓய்வுக்காலச் சேமிப்பு சறுக்குகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500, மாதத்துக்கு 20,500 ரூபாய் கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் போட்ட நாளில் நிர்ணயித்த வட்டி ஐந்து ஆண்டும் அப்படியே நிற்கும். அதை முழுக்கச் செலவழித்தால் முதலும் அப்படியே நிற்கும். கட்டணம் மட்டும் ஏறும். வரும் வட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் திரும்பப் போடுகிறவர்களுக்குத்தான் பத்தாவது ஆண்டில் மூச்சுவிட முடியும்.

அந்த மாதத்தின் கணக்கு

இப்போது ஒருவர் மட்டும், கவனிப்பு ஆளோடு. இன்றைய விலையிலேயே போடுவோம். ஒருவருக்கான சேவைக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 10,030. ஒருவர் போனால் இது பாதியாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். பாதியாவது சாப்பாடு மட்டுமே. சாப்பாடு 6,825. மின்சாரம் 2,000, போன் வகை 1,000, மருந்து 6,000, காப்பீடு 4,500, மற்றவை 3,000. இதுவரை 33,355. கூடவே இருபத்து நான்கு மணி நேர ஆள் 30,000, அவருக்குச் சாப்பாடு 5,000. மொத்தம் 68,355.

வருமானம்? அரசு ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஓய்வூதியமாக 42,000 வாங்கியவரின் மனைவிக்கு வருவது 25,200. இபிஎஸ் (வைப்புநிதியோடு வரும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியத்தில் மனைவிக்குப் பாதி. தனியார் வேலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாதி பெரும்பாலும் மருந்துக்கே காணாது.

பற்றாக்குறை மாதம் 43,155 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 26 லட்சம். இந்தத் தொகையை இன்றே தனியாக ஒதுக்க வேண்டும். ஃப்ளாட்டில் போடக்கூடாது, மாதச் செலவுக்கு எடுக்கவும் கூடாது. அதில் வரும் வட்டியை அதிலேயே விட்டால் விலைவாசி ஏற்றத்தை ஓரளவு அது ஈடுகட்டும். அகவிலைப்படியும் விலைவாசியோடு ஏறும் என்று கொண்டுதான் இந்தக் கணக்கு. அகவிலைப்படி இல்லாத ஓய்வூதியம் என்றால் ஒதுக்குவது இன்னும் கூட வேண்டும்.

ஃப்ளாட் வாங்கியபின் இந்த 26 லட்சம் மிஞ்சவில்லை என்றால் அந்த ஃப்ளாட் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சிறிய ஃப்ளாட் அல்லது வாடகை என்று இறங்கிவிடுங்கள்.

காப்பீடு இந்த இடத்தில் கை கொடுக்காது. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரிலிருந்து ஆயுஷ்மான் பாரத் அட்டை உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், தம்பதி இருவருக்கும் பொதுவான தொகை. அவசியம் எடுத்துவையுங்கள். ஆனால் அது மருத்துவமனையில் சேர்வதற்கு. வீட்டில் குளிப்பாட்டி, உடை மாற்றி, இரவில் எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போகும் ஆளின் சம்பளத்தை அது தராது. தனியார் பாலிசிகளும் பொதுவாகத் தருவதில்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

முதலில் தேட வேண்டியது, படுக்கையானாலோ மறதி நோய் வந்தாலோ என்ன செய்வார்கள் என்ற பத்தி. 'தானாக இயங்க முடியாதவர் காலி செய்ய வேண்டும்' என்ற வரி சில ஒப்பந்தங்களில் நடுவில் எங்கோ இருக்கும். அந்த வளாகத்திலேயே கவனிப்புப் பிரிவு இருந்தால் அதன் இன்றைய நாள் கட்டணத்தையும், அங்கே மாறினால் பழைய ஃப்ளாட்டின் கட்டணமும் சேர்ந்து ஓடுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். வெளியிலிருந்து சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளலாமா, அல்லது நிர்வாகம் அனுப்பும் ஆள்தானா என்பதிலும் மாதம் பல ஆயிரம் வித்தியாசம் வரும்.

டெபாசிட் திரும்பும் நாள் அடுத்தது. 'அடுத்த குடித்தனக்காரர் வந்தபின் தரப்படும்' என்று இருந்தால் தேதியே இல்லை என்று அர்த்தம். 90 நாள் என்று ஓர் எல்லையைச் சேர்க்கச் சொல்லுங்கள். இருவரும் இறந்தால் யாருக்கு என்ற பெயரும் அதிலேயே இருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

மூலநிதி என்று ஒருமுறை வாங்கும் தொகை யார் கணக்கில் இருக்கிறது, அதன் தணிக்கை அறிக்கை எங்கே என்றும் கேளுங்கள். லிப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் பத்தாம் ஆண்டுக்கு மேல் ஒன்றாகப் பழுதாகும்; நிதி இல்லையென்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் வரும்.

ஆள் நிறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதி வளாகம் காலியாக இருந்தால் சமையலறை நஷ்டத்தில் ஓடும். அதன் பிறகு சாப்பாட்டின் தரம் குறையும், அல்லது இருக்கிறவர்கள் தலையில் கட்டணம் ஏறும். மாலை ஏழு மணிக்குப் போய் விளக்கெரியும் வீடுகளை எண்ணுங்கள். விற்றுவிட்டோம் என்பது வேறு, குடியிருக்கிறார்கள் என்பது வேறு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள் நிறைய இருக்கும்.

பணம் போதாதபோது

பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையால் முதியோர் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பது பலருக்குச் சரியாக வரும் வழி. வாடகை வரும் வீடு கடைசி ஆண்டுகளுக்கான சேமிப்பாகவும் நிற்கும். வங்கியின் தலைகீழ் அடமானக் கடன் இதற்கு ஒத்துவராது; அது சொந்த வீட்டிலேயே குடியிருக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு.

பிள்ளை பணம் போட்டு வாங்குகிறார் என்றால் பத்திரம் யார் பெயரில் என்பதை வெட்கப்படாமல் பேசிவிடுங்கள். அவர் பெயரில் என்றால், பெற்றோர் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை எழுத்தில் வையுங்கள். பெற்றோர் தங்கள் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைத்து அதற்கு ஈடாக அவர் மாதக் கட்டணம் கட்டுவது என்றால், 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான், பராமரிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பது எளிதாகும். அதற்கான தீர்ப்பாயம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இயங்குகிறது. மனுவை முதியவரே எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எங்கே போவது, எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.