சாமியாருக்கு நேர்ந்துவிடும் முன்

"மூத்தவனைச் சாமியாருக்கு விடுறதா நேர்ந்திருக்கோம்." உசிலம்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட மக்கள்தான் பங்கு), மகனைக் குருவாக்கப் போவதாக இதைப் பெருமையாகச் சொல்லும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கிடாயை நேர்ந்துவிடலாம், பிள்ளையை முடியாது. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1026ஆம் விதி, எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் வற்புறுத்திக் குருப்பட்டம் வாங்க வைக்கக் கூடாது என்கிறது. தகுதியுள்ளவனைத் தடுக்கவும் கூடாதாம். "ஒத்தப் பிள்ளை, விட மாட்டேன்" என்று அழும் வீட்டுக்கும் அதே விதிதான்.

இதைவிடப் பெரிய தப்பு ஃப்ளெக்ஸ் அடிப்பது. குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்தில் பையன் காலெடுத்து வைத்த உடனே "வருங்காலக் குருவே வருக" என்று தெருமுனையில் கட்டிவிடுகிறார்கள். மதுரைக்காரர்களுக்கு ஃப்ளெக்ஸ் இல்லாமல் காதுகுத்துகூட நடக்காது, தெரியும். ஆனால் தத்துவமும் இறையியலுமாக ஆறு ஆண்டுப் படிப்பு அவனுக்குக் காத்திருக்கிறது. அதெல்லாம் மனப்பாடம் செய்வதற்கு மட்டுமல்ல, இது நமக்கான வழிதானா என்று அவன் பார்ப்பதற்கும், இவன் சரிப்படுவானா என்று குருமடத்தார் பார்ப்பதற்கும்தான். தெருவே வாழ்த்திய பிறகு "எனக்கு இது இல்லை" என்று எந்த வாயால் சொல்வான்?

எனக்குத் தெரிந்த ஒருவன் சொன்னான். இரண்டாம் வருடம் முடித்து வெளியே வந்தவன், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்து கடைசி பஸ்ஸில் ஊருக்கு வந்திருக்கிறான். தெரு அடங்கட்டும் என்று. கதவைத் திறந்த அம்மா முதலில் கேட்டது, "யாராச்சும் பாத்தாங்களா?"

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு வேறு. நகை போட்டுக் கட்டிக்கொடுக்க வழியில்லை, கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுவோம் என்பது. இது கடவுள் கூப்பிடும் அழைத்தலே இல்லை. துறவியாகத் தற்காலிகமாகக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கும் ஆயுள் முழுக்க என்று கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கும் நடுவே பொதுவாகக் குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி வைத்திருப்பதே, அவள் தானாக முடிவெடுக்கத்தான்.

அங்கி போட்டால்தான் அழைத்தல் என்று நினைப்பதும் இதோடு ஒட்டிய தவறு. குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரின் பணி பற்றி, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே தனி ஏடு வெளியிட்டுவிட்டது. 2021இல் திருப்பலியில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார் போப் பிரான்சிஸ். நம் பங்குகளில் இன்னும் பூ கட்டுவதற்கும் கோவில் கூட்டுவதற்கும்தான் பெண்களைத் தேடுகிறோம்.

பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையை ஊராட்சித் தேர்தல்போல நடத்துவது இன்னொன்று. பேரவைக்கு உள்ளது ஆலோசனைக் குரல் மட்டுமே, 536ஆம் விதி அப்படி. அதற்காக எல்லாவற்றையும் தானே முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் கூட்டம் போடும் பங்குத்தந்தையும் சரியில்லை. பேரவை வேண்டுமா என்பது ஆயரின் (பிஷப்பின்) முடிவு, நிதிக்குழு அப்படியல்ல, ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆகவேண்டும்.

"அந்தக் காலத்தில் இப்படியா?" என்பவர்களுக்கு ஒன்று. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு தெ நொபிலி காவி கட்டினார், புலால் விட்டார், தமிழ் படித்தார். கூட இருந்த குருவே அவர்மேல் குறை சொன்னார். சாதிக்கும் அவர் இடம் கொடுத்தார். அந்தக் கடனை இன்னும் அடைக்கிறோம் என்பது என் கருத்து.

ஆரப்பாளையத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் இப்போது ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறான். போன முறை பேரவைக்கு அவன் பெயரைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மடத்தை விட்டு ஓடி வந்தவனா?"