வெறும் கண்ணாடிச் சட்டத்துக்கு உலோக மினுக்கம்: டேப்பும் இங்க்கும் வைத்து ஒரு செய்முறை

வீட்டில் சும்மா மரச்சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். சட்டத்தின் மேல் உலோக டேப் ஒட்டி, அதன்மேல் அல்கஹோல் இங்க் விட்டு, அதைத் தகடு பதித்து வண்ணம் ஏற்றிய வேலைப்பாடு போல மாற்றிவிடலாம். சாதாரண பெயின்ட் அடித்தால் அடியில் இருப்பது மறைந்துவிடும். அல்கஹோல் இங்க் ஒளி ஊடுருவும் சாயம் என்பதால், அதன் அடியிலிருந்தே உலோகம் மினுங்கும். ஆகவே இந்த வேலையில் கை தாராளமாக இருக்கக்கூடாது. வெள்ளி தெரியத் தெரியத்தான் அழகு.

டேப்புக்கு ஹாட்வெயார் கடையில் ஏசி குழாய்க்கு ஒட்டும் அலுமினியம் டேப் என்று கேளுங்கள். சுமார் 2 அங்குல அகலத்தில் வரும். செப்பு டேப்பும் உண்டு, ஆனால் கல்லடி, பாசிக்குடா, கல்முனை மாதிரிக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் அது சீக்கிரம் கறுத்துப் பச்சை பூக்கும். முதல் தடவைக்கு அலுமினியமே நல்லது.

அல்கஹோல் இங்க் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கவலை இல்லை. பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு பிளாஸ்டிக் மூடியில் நன்றாகக் கிறுக்கி, மேலே சில துளி ஐசோபுரொப்பைல் அல்கஹோல் விட்டால் அந்த மையே கரைந்து இங்க் ஆகிவிடும். கைக்குப் பூசும் சானிடைசர் ஜெல் இதற்குச் சரிவராது, பிசுபிசுப்பை விட்டுவிடும். இவற்றோடு சாண்ட் பேப்பர், மாஸ்கிங் டேப், ஃபெவிகோல் மாதிரி வெள்ளைப் பசை, சணல் நூல், மை தீர்ந்த போல்பொயின்ட் பேனை, பஞ்சுக் குச்சி, கறுப்பு அக்ரிலிக் பெயின்ட், ஸ்பிரே வார்னிஷ், கையுறை.

முதலில் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். இங்க்கும் வார்னிஷும் பின்பக்கப் பூச்சில் இறங்கினால் விளிம்பு கெட்டுவிடலாம். கழற்ற முடியாவிட்டால் பேப்பர் விரித்து ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப்பால் அடையுங்கள். சட்டத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, தூசி போகத் துடைத்துக் காயவிடுங்கள். தூசி மேல் ஒட்டிய டேப் மூலையில்தான் முதலில் கிளம்பும்.

இனி ஆர அமரச் செய்ய வேண்டிய பகுதி. புடைப்பு வேண்டிய இடத்தில் பசை தடவிச் சணல் நூலை வளைத்து ஒட்டுங்கள். வாவி அலை மாதிரி வளைவுகள், ஒரு மூலையில் மீன், மருதமுனைச் சேலைக் கரையில் வருவது போல நேர்கோடுகள்: எது சுலபமோ அது. நெருக்கமான சிறு கோலம் போடாதீர்கள், டேப் அந்த இடுக்குகளில் இறங்காமல் கிழிந்துபோகும். பசை முழுதாய்க் காய ஓர் இரவு விடுங்கள்.

அப்புறம் டேப். சட்டத்தின் நீளத்தைவிட சற்றுக் கூடுதலாக வெட்டி, பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். மூலைகளில் இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, அடிமட்டத்தைச் சரிவாகப் பிடித்து கட்டரால் இரண்டையும் சேர்த்து வெட்டினால் இணைப்பு நேராக வரும். வெட்டிய விளிம்பு விரலைக் கீறும், கவனம். சணல் ஓடும் இடங்களில் இருபுறமும் பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் தேய்க்க, கோலம் மேலே எழும்பி வரும். மிச்ச வெற்றிடத்தில் மை தீர்ந்த பேனையால் புள்ளியோ செதிலோ அழுத்திப் பதிக்கலாம்.

பதித்து முடித்த பிறகே நிறம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இங்க்கும் ஸ்பிரேயும் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்கோ நுளம்புத்திரியோ எரியக்கூடாது. டேப்பை அல்கஹோலால் ஒருமுறை துடைத்து விரல்ரேகை எடுத்தபின், சட்டத்தைப் படுக்கையாக வைத்து நீலம், பச்சை இரண்டு நிறத்தோடு மட்டும் தொடங்குங்கள். ஆரஞ்சும் நீலமும் கலந்தால் சேற்று நிறம்தான். ஒரு துளி விட்டுப் பக்கத்தில் அல்கஹோல் ஒரு துளி விட்டால் நிறம் தானாகப் பரவி ஓரம் மெல்லியதாகும். பிடிக்கவில்லையா, அல்கஹோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி விடலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

காய்ந்ததும் ஸ்பிரே வார்னிஷ் மெல்லிய பூச்சு ஒன்று. தூரிகையால் பூசாதீர்கள், நிறம் இழுபடும். ஸ்பிரேயைக்கூட முதலில் ஒரு துண்டு டேப்பில் சோதித்துப் பாருங்கள். அது காய்ந்தபின் கறுப்பு அக்ரிலிக்கைத் துணியால் தேய்த்து உடனே ஈரத்துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி, பழைய தகட்டு வேலை போலத் தெரியும். மேலே இன்னும் இரண்டு மெல்லிய பூச்சு.

மார்கழி மழைக்காலத்தில் ஸ்பிரே அடித்தால் ஈரக்காற்றில் வார்னிஷ் பால்போல் வெளுக்கக்கூடும். நல்ல வெயில் நாளில் அடியுங்கள், ஆனால் நேர் வெயிலில் காயப்போட வேண்டாம். மாட்டும்போதும் அப்படித்தான். இந்தச் சாயம் வெயிலில் மங்கும், ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள்.