அடுக்களை மேடையில் கால் வைக்கும் நாயை இறக்குவது எப்படி?

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டை வீட்டில் சீலா மீன் பொரித்து, எண்ணெய் வடியட்டும் என்று தட்டை மேடையில் விட்டுவிட்டு, வாசலில் தேங்காய்க்காரரிடம் பேசப் போனேன். இரண்டு நிமிஷம்தான். திரும்பி வந்தால் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு இஞ்சுகூட நகரவில்லை. எட்டுத் துண்டில் ஒன்று மட்டும் மிச்சம். எங்கள் நாய் செவலை புறவாசல் கதவோரம் உட்கார்ந்து மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை ஏசவில்லை. "மீன வச்சிட்டுப் போனது நீதானல?" என்று என்னைத்தான் ஏசினாள்.

செவலை சிப்பிப்பாறைக் கலப்பு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நெட்டைக்கால் வேட்டை நாய்களுக்குக் குதிக்கவே வேண்டாம். பின்னங்காலில் எழுந்து நின்றாலே மூக்கு மேடைக்கு மேலே போய்விடும். அதனால் பாத்திரத்தை உள்ளே தள்ளி வைப்பதெல்லாம் வீண்வேலை.

நாய் ஏன் திரும்பத் திரும்ப ஏறுகிறது? மேடை அதற்குச் சம்பளம் கொடுக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன், சீட்டு எடுத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை ஐந்நூறு ரூபாய் விழுந்தவர் அப்புறம் பத்து வருஷம் விடமாட்டார். நாயும் அப்படியே. பத்துத் தடவை ஏறி ஒரே ஒரு தடவை அப்பளம் கிடைத்தாலும் பதினோராவது தடவை ஏறும்.

ஆகவே முதல் வேலை, சம்பளத்தை நிறுத்துவது. ஒரு மாதத்துக்கு மேடையில் எதுவும் இருக்கக் கூடாது. சோற்றுப்பானை, எண்ணெய் துடைத்த துணி, பாத்திரம் கழுவும் அங்கணத்தில் ஊறும் மீன்சட்டி, எதுவுமே. முடியாத நேரத்தில் அடுக்களைக் கதவைச் சாத்துங்கள். கதவு இல்லாத வீடு என்றால் தார்சாவில் (முன்கூடத்தில்) கட்டிப் போடுங்கள். பயிற்சியைவிட இதுதான் கஷ்டம். ஏனென்றால் இது நாய்க்கு அல்ல, வீட்டில் உள்ளவர்களுக்கான பயிற்சி. முதல் சில நாள் நாய் முன்னைவிட அதிகமாக ஏறிப் பார்க்கும். பயப்பட வேண்டாம். கடை பூட்டியிருக்கிறது என்று நம்பாமல் கதவைத் தட்டிப் பார்க்கிறது.

இதோடு தரையில் வேறொரு கடை திறக்க வேண்டும். அடுக்களை வாசலில், மேடையிலிருந்து நாலடி தள்ளி ஒரு சாக்கை விரியுங்கள். அவித்த முட்டையையோ உப்புப் போடாமல் அவித்த கோழிக்கறியையோ பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். நாய் சாக்கில் கால் வைத்ததும் ஒரு துண்டைச் சாக்கின் மேல் போடுங்கள். அங்கேயே நின்றால் ஐந்து விநாடிக்கு ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் அரை நிமிஷம். மேடையில் நின்றபடி கையால் ஊட்டக் கூடாது. தீனி எப்போதும் சாக்கில்தான் விழ வேண்டும். சின்ன வெங்காயம் அரைக்கிலோ உரித்து முடிக்கும்வரை நாய் சாக்கில் படுத்திருந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். (அரைக்கிலோ உரிப்பதற்கு எவ்வளவு நேரமாகும் என்று சொதிக் குழம்பு வைக்கிறவர்களுக்குத் தெரியும்.)

மூன்றாவது, "விடு". இதை நிதானமாகச் செய்யுங்கள். ஒரு துண்டைக் கைக்குள் மூடி நாயின் மூக்குக்கு நேரே நீட்டுங்கள். அது நக்கும், முட்டும், நகத்தால் பிறாண்டும். வாயே திறக்காதீர்கள், கையையும் இழுக்காதீர்கள். ஏதோ ஒரு கணத்தில் அலுத்துப்போய் மூக்கை இரண்டு விரல்கடை பின்னால் எடுக்கும். அந்தக் கணத்திலேயே "சரி" என்று சொல்லி மற்றக் கையிலிருந்து வேறு துண்டைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை மட்டும் கொடுக்கவே கூடாது. இது படிந்த பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அடுத்து துண்டைத் திறந்த கையில், பிறகு தரையில், ஸ்டூலில், கடைசியாக மேடையில் வைத்துப் பழக்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான் "விடு" என்பேன், அப்பா "ச்சூ" என்பார், அம்மா "போ அங்கிட்டு" என்பாள். பாவம், மூன்று மொழி படிக்க வேண்டியிருந்தது அதற்கு.

மேடைவரை வந்ததும், கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்ள, வெறும் சோற்றை மேடையில் வைத்து மூன்று விநாடி வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு பத்து விநாடி, ஒரு நிமிஷம். மீனைக் கடைசியில் வையுங்கள்.

அடிப்பது பலிக்காது. ஆள் இருக்கும்போது ஏறக் கூடாது என்பதை மட்டும் நாய் கற்றுக்கொள்ளும். தலையைத் தொங்கப்போட்டு நிற்பதும் குற்ற உணர்ச்சி இல்லை. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த முகபாவம் தப்பு செய்ததற்காக வருவதைவிட எஜமானர் ஏசுவதற்காகவே அதிகம் வந்தது. வாயில் எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், அவசரத்தில் விழுங்கிவிடும். கோழிக்கறியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

சில பண்டங்களில் மட்டும் விளையாட்டுக் கூடாது. வெங்காயமும் பூண்டும், பச்சையோ வெந்ததோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அறிகுறி தெரிய சில நாள்கூட ஆகலாம். திராட்சை, காய்ந்ததும் சேர்த்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் வெந்த கோழி எலும்பும் ஆபத்து. நெய் சொட்டும் அல்வாவைப் பொட்டலத்தோடு முடித்துவிட்டால் கணையம் வீங்கி வாந்தி எடுக்கலாம். உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது தனி விஷம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. திடீரென்று தீராப் பசியோடு திருட ஆரம்பித்த நாயையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். குடற்புழுவோ சர்க்கரை நோயோ இருக்கலாம்.

செவலை இதெல்லாம் பழக ஏழு வாரம் ஆனது. தீபாவளிக்கு வந்த சித்தப்பா மேடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து நீட்டியதும், மறுநாளே முன்னங்கால் மேடையில். திரும்பவும் ஸ்டூலிலிருந்து ஆரம்பித்தோம், நாலு நாளில் சரியானது. இப்போது மீன் பொரிக்கும்போது சாக்கில்தான் படுத்திருக்கிறது. தேங்காய்க்காரர் கூப்பிட்டால் மட்டும் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறேன்.